முகாம் எந்தத் தெருவில் நடக்கிறது? அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்நிலத்தில் கண் மருத்துவம்

அருப்புக்கோட்டை நகரிலும் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிச் சாலையோரங்களிலும் ஒரு சுவரொட்டியை அடிக்கடி காணலாம். மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கமும், ஒரு கண் மருத்துவமனையும், உள்ளூர் அரிமா சங்கமோ சுழற்சங்கமோ இணைந்து நடத்தும் இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று அது அறிவிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் பகல் 1 மணி வரை. கண்புரை அறுவை, லென்ஸ், உணவு, தங்குமிடம், போய்வரும் பேருந்து அனைத்தும் இலவசம். அதில் பொய் ஏதுமில்லை. தென்மாவட்டங்களின் முதியோர் பலர் இத்தகைய முகாம்களின் வழியேதான் பார்வை மீண்டிருக்கின்றனர். நாம் கேட்க விரும்புவது அச்சுவரொட்டியில் 'இடம்' என்னும் சொல்லுக்கு எதிரே அச்சிடப்பட்டிருக்கும் பெயரைக் குறித்து. அந்த இடத்துக்கு இயல்பாக நடந்து செல்லக்கூடியவர் யார், தயங்கி நின்றுவிடுபவர் யார்?

கண் மருத்துவத்தில் சாதியைப் பேசுவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். கண்புரை சாதி பார்த்து வருவதில்லை என்பர். வருவதில்லைதான், அதை நீக்கிக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் சாதியும் கூலியும் பாலினமும் பார்த்தே வருகிறது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வை இழப்பு ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தோரில் 1.99 விழுக்காட்டினர் பார்வையற்றோர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினருக்குக் காரணம் கண்புரை. ஆண்களில் 1.67 விழுக்காடாக உள்ள பார்வையின்மை பெண்களில் 2.31 விழுக்காடு. பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தவரிடையே 0.43, எழுத்தறியாதவரிடையே 3.23. மிக மூத்தவரிடையே எழுத்தறிவின்மை கூடுதல் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த ஏழு மடங்கு வேறுபாட்டை முதுமை ஒன்றைக் கொண்டு விளக்கிவிட முடியாது. அரை மணி நேரத்துக்கும் குறைவான ஓர் அறுவையால் நீங்கிவிடும் குருட்டுத்தன்மை, எழுதப் படிக்க மறுக்கப்பட்ட தலைமுறையிடம் தேங்கி நிற்கிறது.

நிலமும் உழைப்பும் கண்ணும்

1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 19.42 இலட்சம். ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே: விருதுநகரும் இராமநாதபுரமும். பட்டாசும் அச்சும் பஞ்சாலையும் கொண்ட மேற்குப் பகுதியைப் போலன்றி, அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி வரை விரியும் நிலம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் கரிசலில் பருத்தி, சோளம், மல்லி, மிளகாய். அதுவும் இல்லையேல் சீமைக்கருவேலம். குண்டாற்றில் நீரைக் காணும் நாள்கள் குறைவு, மணலைக் காணும் நாள்களே மிகுதி. தேவேந்திரகுல வேளாளர், பறையர், அருந்ததியர் ஆகிய மக்களுள் பெரும்பாலோர் நிலமற்றவர்கள், அல்லது மானாவாரித் துண்டு நிலம் மட்டும் உடையவர்கள். இளையோர் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்துவிட, ஊரில் எஞ்சியிருப்பவர் முதியோரும் அவரிடம் விடப்பட்ட குழந்தைகளுமே.

இம்மக்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் கண்ணை ஏதோ ஒரு வகையில் தொடுகிறது. கருவேலம் வெட்டுவோருக்கு முள், கரிமூட்டம் போடுவோருக்குப் புகை, களத்தில் தூற்றுவோருக்குத் தூசியும் உமியும், பட்டாசு ஆலைக்குச் செல்வோருக்கு வெடி விபத்து, சாக்கடைக்குள் இறக்கப்படுவோருக்கு நச்சுக்காற்றின் எரிச்சல். நாள் முழுதும் வெயிலில் நிற்பதும் விறகடுப்பின் புகையில் சமைப்பதும் கண்புரையோடு தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே நோய் அனைவருக்கும் பொது என்பதுகூட முழு உண்மையன்று.

அறுவையே தேவைப்படாத ஒரு குறையை இங்கு முதலில் சொல்லிவிட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் அருகிலுள்ள பொருள் மங்கலாகத் தெரிவதை நம் மக்கள் வெள்ளெழுத்து என்பர். படித்தவருக்குத்தான் அது தொல்லை என்று கருதுவது தவறு. பருத்தியில் தூசி பிரிப்பவர், மிளகாய் வற்றல் தரம் பிரிப்பவர், அருப்புக்கோட்டையின் தறிகளில் அறுந்த இழையை முடிபவர், அரிசியில் கல் பொறுக்குபவர் ஆகிய அனைவருக்கும் அது கூலிக் குறைவு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்ற நாற்பது வயது கடந்த தொழிலாளர்களின் இலை பறிக்கும் திறன், பெறாதவரைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. வங்கதேசத்தில் 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, வருமானமே மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததைக் காட்டியது. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடி அது. ஆயினும் முகாம்களின் பெருமை அறுவைகளின் எண்ணிக்கையில் அளக்கப்படுவதால், வெள்ளெழுத்துக் கண்ணாடி பின்னிருக்கைக்குத் தள்ளப்படுகிறது.

முகாம் என்னும் முறை வந்த வழி

ஊர்தேடிச் செல்லும் கண் மருத்துவம் உலகிற்குக் கற்றுத்தந்த பாடங்களுள் பல இந்த மண்ணை ஒட்டியே உருவாயின. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1918இல் பிறந்தது எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் சிற்றூரான அயன் வடமலாபுரத்தில். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பிறகும் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர் அவர். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய 1960களிலேயே ஊரக முகாம்களைத் தொடங்கினார். 1976இல் ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் பிறந்ததும் அதே 1976இல்தான். 1992இல் அந்நிறுவனத்தின் ஆரோலேப், உள்விழி லென்ஸை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியதும் அதன் விலை பன்மடங்கு வீழ்ந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனுடன் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம், அறுவைகளின் எண்ணிக்கையைப் பெருக்கியது. புரை நீக்கியபின் சோடாபுட்டிக் கண்ணாடி அணிந்து தடுமாறிய தலைமுறை அத்தோடு முடிந்தது.

கட்டணம் செலுத்துவோர் தரும் பணத்தில், ஏறத்தாழ அதே அளவினோர்க்குக் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் செய்வது அரவிந்தின் முறை. அதன் அருமையை மறுப்பதற்கில்லை. கட்டணமில்லாப் பிரிவில் பாய்தான், கட்டில் இல்லை என்று குறை கூறுவோர் உண்டு. நமக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. முகாமிலிருந்து பேருந்தில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அங்கே ஊர்த்தெரு, காலனி என்னும் பிரிவின்றி அருகருகே படுக்கிறார்கள், ஒரே சமையலை உண்கிறார்கள். திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் இவ்விரண்டும் அவ்வளவு எளிதில் நிகழ்வதில்லை. தடை இருப்பது மருத்துவமனைக்குள் அன்று. அந்தப் பேருந்தில் ஏறுவதற்கு முன்.

அத்தடையின் அளவை 1999இல் வெளியான ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. தமிழ்நாட்டு ஊரகப் பகுதியில் முகாம்கள் நடந்த வட்டாரத்துச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தபோது, கண் குறைபாடு உடைய பெரியவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். மருத்துவம் இலவசமாக இருந்தும் 93 பேர் வீட்டிலிருந்தனர். கண் கெட்டுவிடும் என்ற அச்சம், இழக்கும் கூலி, துணைக்கு ஆளின்மை, இந்த அளவு தெரிந்தால் போதும் என்ற எண்ணம் ஆகியவை காரணங்களாக வெளிப்பட்டன. இதற்கு முன்பே, 1991இல் வெளியான தென்னிந்திய ஆய்வொன்று, செலவில் ஒரு பகுதியை ஏற்பதைவிட உணவும் பயணமும் உட்பட முழுச் செலவையும் ஏற்பதே மக்களை அறுவைக்கு இசையச் செய்தது என்று கண்டிருந்தது. இவ்வுண்மைகளை ஏற்றதனால்தான் 2004க்குப் பின் அரவிந்த் நிலையான பார்வை மையங்களைச் சிற்றூர்களில் திறக்கலாயிற்று. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் அங்கேயே கண்ணைச் சோதித்து, மதுரையிலுள்ள மருத்துவரிடம் இணையவழியில் நோயாளியைப் பேச வைப்பர். இன்று அத்தகைய மையங்கள் நூறுக்கும் மேல்.

ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் முகாமைவிட நாள்தோறும் திறந்திருக்கும் மையம் மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் நிலையான மையமும் கடைத்தெருவில்தான் அமைகிறது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து காலனி வரை உள்ள தொலைவு அப்படியே இருக்கிறது.

இடம், நாள், நாவு

'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025இல் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்றோம். சொல் நீங்கினாலும், ஊரிலிருந்து ஒதுக்கி அமைக்கப்பட்ட குடியிருப்பு அதே இடத்தில்தான் நிற்கும்.

முகாம் நடக்கும் இடங்களைப் பாருங்கள். பள்ளி, திருமண மண்டபம், சில வேளை கோயில் மண்டபம். இப்பகுதியின் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் பல, சாதி உறவின்முறைகள் தம் மகமைப் பணத்தில் எழுப்பியவை. நூறாண்டுக்கு முன் கமுதிக் கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டு நீதிமன்றம் ஏறித் தோற்ற ஒரு சமூகம், தனக்கெனப் பள்ளியும் மண்டபமும் கட்டிக்கொண்டு எழுந்த வரலாறு அதில் இருக்கிறது. அது மதிக்கத்தக்க வரலாறே. ஆனால் சாதிப் பெயர் முகப்பில் பொறித்த கட்டடத்துக்குள், வேறு எந்த நாளிலும் அழைக்கப்படாத அருந்ததியர் மூதாட்டி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுவரொட்டியை நம்பி நுழைவார் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. யாரும் அவரை வாயிலில் தடுக்கமாட்டார்கள். தடுக்கப்படுவதற்குமுன் தாமே நின்றுவிடக் கற்றவர் அவர். சுவரொட்டியைப் படிக்கவும் அவரால் இயலாது. தானியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால், அந்தத் தானி எத்தெரு வரை செல்கிறது என்பதைப் பொறுத்ததே அவர் அறிவது.

நாளும் அவ்வாறே. ஞாயிறு விடுமுறை என்பது மாதச் சம்பளக்காரருக்கு. கரிமூட்டத்துக்கும் களையெடுப்புக்கும் ஞாயிறு இல்லை. அறுவைக்கு இசைந்தால் மூன்று நாள் மதுரையில் தங்க வேண்டும். முதியவருக்கு மூன்று நாள் கூலி போகும். துணைக்கு ஒருவர் சென்றால் அவருக்கும் போகும். ஆட்டை யார் மேய்ப்பது, பேரப்பிள்ளைக்கு யார் சோறாக்குவது என்ற கேள்விகளுக்கு 'அனைத்தும் இலவசம்' என்னும் வரியில் விடை கிடையாது. கைம்பெண்கள் இவ்வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். மகன் வந்து அழைத்துப் போகட்டும் என்று காத்திருப்பதிலேயே ஆண்டுகள் கழிகின்றன.

பிறகு நாவு. 'புரை நன்றாக முற்றினால்தான் அறுப்பார்கள்' என்று இன்றும் ஊர்களில் சொல்லக் கேட்கலாம். பழைய அறுவை முறையில் அது உண்மையாக இருந்தது. இன்றைய முறையில் முற்ற விடுவதே தீங்கு. முற்றிய புரை கண்ணழுத்தத்தைக் கூட்டிக் கடும் வலியும் மீளாப் பார்வை இழப்பும் தரக்கூடும். 'கோடையில் அறுத்தால் கண் புண்ணாகும்' என்பது மற்றொரு நம்பிக்கை. அதற்கு இன்று அடிப்படை இல்லை. இவற்றை வெள்ளுடை அணிந்தவர் வந்து மறுத்தால் கேட்டுக்கொண்டு போய்விடுவர். தன் தெருவிலேயே ஒருவர் அறுவை செய்துகொண்டு வந்து, விளக்கேற்றும்போது திரி தெரிகிறது என்று சொன்னால்தான் நம்புவர். முகாமுக்கு முன் ஆள் திரட்டச் செல்வோர், காலனிக்குள்ளிருந்து அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை.

அறுவைக்குப் பிந்தைய நாள்கள்

முகாம் அறிக்கைகள் அறுவை நாளோடு முடிகின்றன. நோயாளியின் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சொட்டு மருந்தை ஏறத்தாழ ஆறு வாரம், முதலில் அடிக்கடியும் பின்னர்ப் படிப்படியாகக் குறைத்தும் விட வேண்டும். கண்ணில் நீரும் தூசியும் படக்கூடாது, புகை ஆகாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது. இவை எளிய அறிவுரைகள். குழாயும் குளியலறையும் எரிவாயு அடுப்பும் கூட இருந்து மருந்து விடும் மருமகளும் உள்ள வீட்டுக்கு.

ஓர் அறை வீட்டில் விறகடுப்புக்கு எதிரே படுத்திருப்பவர், தெருக்குழாயிலிருந்து குடம் சுமப்பவர், நூறு நாள் வேலையில் மண்வெட்டி எடுக்காவிட்டால் அந்த வாரக் கூலியை இழப்பவர் இவற்றை எப்படிக் கடைப்பிடிப்பார்? தொற்று ஏற்பட்டால் கண்ணே போகும். அப்போது தெரு முழுதும் பரவுவது 'அறுத்தால் கண் போய்விடும்' என்னும் பேச்சு. அடுத்த பத்தாண்டுகளுக்கு அத்தெருவிலிருந்து எவரும் முகாமுக்கு வரமாட்டார்கள். கல்வியின்மை என்று மருத்துவர்கள் வருந்தும் அச்சத்தின் வேர், பெரும்பாலும் குடிநீர்க் குழாயும் அடுப்பும் கூலியுமே. அறுவை முடிந்தவருக்கு நூறு நாள் வேலையில் பாரம் தூக்காத பணி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, நீர் வழங்குவது போன்றவை, தரச் சொல்லி ஊராட்சியிடம் கேட்பது செலவில்லாத ஒரு வழி. ஒரு மாதம் கழித்து மறுசோதனைக்கு அழைத்துச் செல்லும் வண்டி மற்றொன்று. முதல் பேருந்து இலவசம்; மறுசோதனைப் பேருந்துக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

முள் தைத்த கண்

கண்புரை காத்திருக்கும். கருவிழிப் புண் காத்திராது. முகாமை மட்டுமே நம்பும் முறை முற்றிலும் கைவிட்டுவிடும் நோய் இதுதான். வறள்நிலத் தலித் உழைப்பாளரை நேராகத் தாக்குவதும் இதுவே.

கருவேலங்கிளை விலகி அடிக்கிறது. சோளத்தாள் கீறுகிறது. உமி விழுகிறது. கருவிழியின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல். அதன் வழியே மண்ணிலும் தாவரத்திலும் உள்ள பூஞ்சை உட்புகும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாக 1996இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வட்டாரத்தில் கண்டறிந்த அளவைப் போல் அது ஏறத்தாழ பத்து மடங்கு. மதுரையில் புண்ணோடு வந்த நோயாளிகளை ஆராய்ந்த வேறோர் ஆய்வில், மூன்றில் இரு பங்கினருக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. புண் ஆறினாலும் வெண்தழும்பு நிற்கும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பர். நடுவில் விழுந்த பூவுக்குக் கருவிழி மாற்று அறுவை தவிர வேறு வழியில்லை. அதற்குக் கொடைக்கண் வேண்டும், பல ஆண்டு தொடர் மருத்துவமும் வேண்டும்.

அடிபட்டவர் முதலில் செய்வது தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ இலைச்சாறோ விடுவது. அடுத்தது மருந்துக்கடை. அங்கே சிவப்புக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கைக்கு வந்துவிடுவதுண்டு. பூஞ்சைப் புண்ணுக்கு அது எரியும் தீயில் வார்க்கும் எண்ணெய். நான்கு நாள் கழித்து வலி பொறுக்க முடியாமல் பெரிய மருத்துவமனையை அடையும்போது கருவிழி உருகியிருக்கும்.

தடுப்பதோ மிக மலிவு. நேபாளத்தின் பக்தபூரிலும் பின்னர் மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களிலும், பயிற்சி பெற்ற ஊர்த்தொண்டர்கள் கீறல் பட்டவர்களை உடனே கண்டறிந்து மூன்று நாள் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு இட்டபோது, மிகப் பெரும்பாலோர்க்குப் புண்ணே உண்டாகவில்லை. ஒரு குழல் களிம்பு, நீல விளக்குடன் ஒரு சிறு உருப்பெருக்கி, தெருவில் ஒருவர். அந்த ஒருவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊர்த்தெருவில் உள்ள தொண்டரின் திண்ணைக்கு இரவில் கண்ணைப் பொத்திக்கொண்டு காலனியிலிருந்து ஒருவர் செல்ல இயலாதெனில், களிம்பு இருந்தும் இல்லாததற்குச் சமம். கரிமூட்டத் தொழிலாளருக்குக் கண்காப்புக் கண்ணாடி தரும் பொறுப்பு வெட்டுக் குத்தகைதாரருடையது என்பதையும் எவரும் பேசுவதில்லை.

நீரிழிவால் விழித்திரை கெடுவதும் கண்ணழுத்த நோயும் ஓசையின்றி வருபவை. இழந்த பார்வை மீளாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கு வந்து நீரிழிவு மாத்திரை தரும் பணியாளரிடம், ஆண்டுக்கொரு முறை விழித்திரைச் சோதனைக்கு எங்கே செல்வது என்று கேட்பதை வழக்கமாக்க வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையும் நம் வரிப்பணத்தில் நிற்பவை. அறக்கொடையின் முகாம் இருப்பதால் அரசு மருத்துவமனை கைகழுவிக்கொள்ள இடமளிக்கலாகாது.

சட்டம் சொல்வது

இலவசம் என்பதால் தரம் கேட்கக்கூடாது என்றொரு எண்ணம் நம் மக்களிடம் விதைக்கப்பட்டிருக்கிறது. 1986இல் உத்தரப்பிரதேசத்தின் குர்ஜாவில் நடந்த முகாமில் அறுவை செய்துகொண்ட 80க்கும் மேற்பட்டோர் அந்தக் கண்ணை இழந்தனர். ஏ. எஸ். மித்தல் வழக்கில் 1989இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முன்பு வழங்கப்பட்ட 5,000 ரூபாயுடன் மேலும் 12,500 ரூபாயை ஒவ்வொருவருக்கும் மாநில அரசு வழங்க ஆணையிட்டது. முகாமை நடத்தியது தனியார் சங்கமாயினும் அரசு பொறுப்பிலிருந்து நழுவ இயலாது என்பதே அதன் பொருள். 2008இல் விழுப்புரம் மாவட்ட முகாம் ஒன்றின் வழியே அறுவைக்குச் சென்றோரில் 60க்கும் மேற்பட்டவர் பார்வையிழந்தனர். 2021இல் பீகாரின் முசாபர்பூரில் பலருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது. அறுவை ஒரு முறையான மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும், பள்ளி வகுப்பறையில் அன்று என்பது இத்தகைய துயரங்களிலிருந்து பெற்ற விதி. யார் அறுவை செய்தார், எந்த லென்ஸ் வைக்கப்பட்டது என்ற விவரம் உள்ள அட்டையை நோயாளி கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். கட்டணம் செலுத்தாதவருக்கும் அந்த உரிமை உண்டு.

தீண்டாமை காரணமாக மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு குற்றமாக்குகிறது. 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவும் மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம், பொது இடம் ஆகியவற்றில் நுழைவதைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. முகாம் வரிசையில் எவரேனும் பின்தள்ளப்பட்டால் இச்சட்டங்களை எடுத்துரைக்கத் தயங்க வேண்டாம். ஆயினும் நாம் மேலே கண்ட தடைகளில் பெரும்பகுதி எந்தப் பிரிவுக்குள்ளும் அடங்காது. தவறான இடத்தில் முகாம் வைப்பது குற்றமன்று.

எதை எண்ணுவது

2021இல் உலக நலச் சபை ஏற்ற இலக்கு, 2030க்குள் பயனுள்ள கண்புரை அறுவைப் பரப்பை 30 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்துவது. இதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. எத்தனை அறுவை நடந்தது என்று அது கேட்பதில்லை. அறுவை தேவைப்பட்டவர்களில் எத்தனை பேர் அதைப் பெற்று நல்ல பார்வையும் அடைந்தனர் என்று கேட்கிறது. வந்தவரை மட்டும் எண்ணும் கணக்கிலிருந்து வராதவரையும் எண்ணும் கணக்குக்கு அது நம்மை நகர்த்துகிறது. இவ்வளவை வட்டத்துக்கும் ஊராட்சிக்கும் தெருவுக்கும் இறக்கினால், காலனியின் நிலை மறைய வழியிராது.

இதற்குக் கருவி பெரிதாக வேண்டியதில்லை. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் பத்துப் பேர், ஒரு நாள் பயிற்சி, 'ஈ' எழுத்து அட்டை, ஆறு மீட்டர் கயிறு. தெருவாரியாக நாற்பது வயது கடந்தோரைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடச் செய்து பார்த்துக் குறிக்கலாம். ஒரு கண் நன்றாக இருப்பதால் மறு கண் போனதே தெரியாதிருப்பவர் பலர் அப்போது வெளிப்படுவர். அப்பட்டியலைக் கிராம சபையில் வைத்து, அடுத்த முகாமைக் காலனியின் சமுதாயக் கூடத்திலோ அங்கன்வாடியிலோ நடத்தத் தீர்மானம் கோரலாம். ஊர்த்தெருவினர் அங்கே வருவார்களா என்று கேட்பவர்களுக்கு நம் மறுமொழி: வரட்டும்; இத்தனை ஆண்டு காலனி மக்கள் அங்கே போய் நின்றார்களே. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி மாணவர்க்குக் கண் சோதனை நடந்ததா, கண்டறியப்பட்டவருக்குக் கண்ணாடி கைக்கு வந்ததா என்பதையும் இதனோடு சேர்த்துக் கேட்கலாம். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று கடைசி வரிசைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு போதும். கடந்த ஐந்தாண்டுகளில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் நடந்த முகாம்களின் இடம், நாள், சோதிக்கப்பட்ட ஆண் பெண் எண்ணிக்கை, அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற பதிவு உண்டா, அறுவைக்குப் பின் மறுசோதனைக்கு வந்தோர் எத்தனை பேர், அவர்கள் பெற்ற பார்வை அளவு என்ன. பதிவு இல்லை என்று விடை வந்தால் அதுவும் ஒரு விடையே. அதைக் கொண்டு ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் பதிவேட்டில் தெருவுக்கு ஒரு பத்தி சேர்க்கச் சொல்லலாம்.

முகாம் நாளையும் இங்குள்ள வேளாண்மை நாட்காட்டியோடு வைத்துப் பார்த்துக் குறிக்கச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பும் களையும். தை, மாசியில் அறுவடையும் மிளகாய்ப் பறிப்பும். பங்குனியில் பொங்கல் திருவிழா. அதன்பின் வெயில் முற்றி மூட்டம் எரியும். ஆனி, ஆடியில் காட்டு வேலை குறைவு. வெளியூர் சென்ற பிள்ளைகள் ஆடிக் கொடைக்கு ஊர் திரும்பும் வாரத்தில் துணைக்கு ஆளும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையைவிட அந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மேல்.